என்ஜின் கண்ணில் படாத நகர்த்தல்கள் இன்னும் இருக்கின்றனவா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கம்ப்யூட்டர் புரோகிராம்களால் (இவற்றைத்தான் என்ஜின் என்கிறோம்) கண்டுபிடிக்க முடியாத வலுவான பொசிஷனல் நகர்த்தல்கள், அதாவது உடனடி லாபம் தேடாமல் நிலையை மெல்ல மேம்படுத்தும் நகர்த்தல்கள், செஸ்ஸில் உண்டா, உண்டென்றால் ஒரு பட்டியல் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விஷயம் கடைசி நான்கு வரியில்தான் இருக்கிறது. பன்னிரண்டு வயது மகனுக்குக் கோச் குதிரையை டி5 என்ற கட்டத்துக்குக் கொண்டுபோகச் சொல்லித் தருகிறார். வீட்டுக்கு வந்து போனில் போட்டுப் பார்த்தால் என்ஜின் ஒரு யானை நகர்த்தலைக் காட்டுகிறது, இரண்டுக்கும் மதிப்பெண் வித்தியாசம் 0.2. பையன் குழம்பிப்போய், "கோச்சுக்கே தெரியலையாப்பா?" என்று கேட்கிறான். என்ஜினை எந்த அளவுக்கு நம்பலாம், மனிதன் சொல்வதில் எது அதற்கு எட்டாது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது. பட்டியலைவிட அதற்குப் பதில் சொல்வது உபயோகமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் கிராண்ட்மாஸ்டர் இல்லை, புரோகிராம் எழுதுகிறவனும் இல்லை. இருபத்தெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லித் தருகிறேன். கூடவே பதினைந்து வருடமாகக் கடிதவழி செஸ் ஆடுகிறேன். இப்போது தபால் கிடையாது, சர்வரில்தான் நடக்கிறது. சர்வதேசக் கடிதவழி செஸ் கூட்டமைப்பின் போட்டிகளில் என்ஜினைப் பயன்படுத்த விதியே அனுமதிக்கிறது. ஆகவே ஒரே நிலையை நாள்கணக்கில் என்ஜினோடு உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பழக்கம். கீழே சொல்வதில் பாதி அந்த அனுபவம்.

நேரடியாகச் சொன்னால், அப்படிப்பட்ட நகர்த்தல்கள் ஒரு காலத்தில் ஏராளமாக இருந்தன. இன்று மிகக் குறைவு. 1990-களிலும் 2000-களிலும் "கம்ப்யூட்டரால் முடியாதது" என்று தொகுத்து வைத்த பட்டியல்களில் பெரும்பகுதி காலாவதியாகிவிட்டது. இன்றைக்கும் என்ஜின் திணறும் இடம் ஒன்று உண்டு. ஆனால் அங்கே அது தவறவிடுவது ஒரு அழகான நகர்த்தலை அல்ல. பூட்டிக்கொண்ட ஒரு நிலையை "இது நகராது" என்று தீர்ப்புச் சொல்வதைத்தான்.

ஏன் என்று புரிய, அது யோசிக்கும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். என்ஜின் செய்வது இரண்டு வேலை: முன்னோக்கித் தேடுவது, தேடிப் போய் நின்ற இடத்துக்கு மதிப்பெண் போடுவது. நடுஆட்டத்தில் ஒரு நிலையில் சராசரியாக முப்பதுக்கு மேல் நகர்த்தல்கள் இருக்கும். இரு பக்கமும் இரண்டிரண்டு நகர்த்தல் பார்த்தாலே எட்டு லட்சம் கிளைகளைத் தாண்டிவிடும். எல்லாவற்றையும் பார்க்க எந்த இயந்திரத்தாலும் ஆகாது, அதனால் பல கிளைகளைக் கழித்துவிடுகிறது. காயை வெட்டுவது, செக் போன்றவற்றையும் முன்பு பலன் தந்தவற்றையும் முதலில் வைத்து ஆழமாகப் பார்க்கும். வரிசையில் பின்னால் நிற்கும் அமைதியான நகர்த்தல்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகும். இன்னொரு வழி, தன் முறையை எதிராளிக்கு இனாமாகக் கொடுத்துப் பார்ப்பது. ஒன்றுமே ஆடாமல் விட்டாலும் நிலை நன்றாக இருந்தால், அந்தக் கிளையை அதற்கு மேல் தோண்ட வேண்டியதில்லை என்று விட்டுவிடும். பெரும்பாலும் இது சரியான கணக்குதான். ஆனால் எதை ஆடினாலும் கெடும், சும்மா இருக்க முடிந்தால் தப்பிக்கலாம் என்னும் சுக்ஸ்வாங் நிலைகளில் இதே கணக்கு ஏமாற்றிவிடும். திரையில் "ஆழம் 30" என்று காட்டுவதை முப்பது நகர்த்தல் வரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில கிளைகளில் அதைத் தாண்டியும் போயிருக்கும், பல கிளைகளில் பத்தைக்கூடத் தொட்டிருக்காது.

தேடல் நின்ற இடத்துக்கு அப்பால் இருப்பது தெரியாமல் போவதற்கு "தொடுவான விளைவு" என்று பெயர் வைத்தவர் ஹான்ஸ் பெர்லினர், 1973-இல். கம்ப்யூட்டர் விஞ்ஞானி, கடிதவழி செஸ்ஸில் உலக சாம்பியனாகவும் இருந்தவர். இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் அதைக் கண்டுசொன்னது எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை.

இந்தப் பேச்சு எங்கே எடுத்தாலும் முதலில் வரும் ஆட்டம் டோபலோவ் – ஷிரோவ், லினாரெஸ் 1998. பலகையை எடுத்து அடுக்கிக்கொள்ளுங்கள், சில காய்கள்தான். வெள்ளைக்கு ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4. கறுப்புக்கு ராஜா இ6, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6. கறுப்பு ஆட வேண்டும். இரண்டு சிப்பாய் அதிகம்தான், ஆனால் பிஷப்கள் எதிரெதிர் நிறக் கட்டங்களில் இருக்கின்றன. இப்படிப்பட்ட நிலையில் இரண்டு சிப்பாய் அதிகம் இருந்தும் டிரா ஆவது சகஜம். வெள்ளை ராஜா எஃப்2 வழியாக இ3-க்கு வந்து உட்கார்ந்துவிட்டால் கதை முடிந்தது, டி சிப்பாய் நகராது. கறுப்பு ராஜா அதற்கு முன்னால் இ4-ஐப் பிடிக்க வேண்டும். இ5 வழியாகப் போக முடியாது, சி3-இல் இருக்கும் பிஷப் அந்தக் கட்டத்தைப் பார்க்கிறது. எஃப்5 வழியாகப் போகலாம், ஆனால் அங்கே தன் பிஷப்பே நிற்கிறது. பிஷப்பை ஒதுக்கவே ஒரு நகர்த்தல் செலவாகும், அதற்குள் வெள்ளை ராஜா இ3-க்கு வந்துவிடும்.

ஷிரோவ் 47-ஆவது நகர்த்தலாகப் பிஷப்பை எச்3-இல் வைத்தார். வெள்ளையின் ஜி2 சிப்பாய் அதைச் சும்மா வெட்டிக்கொள்ளலாம்! வெட்டினால் அந்த வெட்டுக்கு வெள்ளை ஒரு நகர்த்தலைச் செலவழிக்கிறது. ராஜா எஃப்5, வெள்ளை ராஜா எஃப்2, கறுப்பு ராஜா இ4. ஒரே ஒரு டெம்போவில், அதாவது ஒரு நகர்த்தல் வித்தியாசத்தில், முந்திவிட்டார். வெட்டாமல் வெள்ளை ராஜா எஃப்2-க்கு வந்தால்? கறுப்பு ராஜா எஃப்5. வெள்ளை ராஜா எஃப்3-க்கு வந்து இ4-ஐக் காத்தால் பிஷப் ஜி2-ஐ செக்கோடு வெட்டும், ராஜா திருப்பி வெட்ட வேண்டும், அதற்குள் கறுப்பு ராஜா இ4. டோபலோவ் வெட்டினார். அடுத்துத் தன் பிஷப்பால் எஃப்6 சிப்பாயையும் எடுத்தார், கறுப்பு டி4 தள்ளி நீண்ட மூலைக்கோட்டை அடைத்தது. அதற்குப் பிறகு ராஜா டி3, சி4, பி3 என்று நடந்தே போனது. 53-ஆவது நகர்த்தலில் டோபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தார். ஒரு பிஷப், ஏ சிப்பாயையும் டி சிப்பாயையும் சேர்த்துப் பிடிக்க முடியாது.

2009 வாக்கில் எங்கள் கிளப்பில் இருந்த கம்ப்யூட்டரில் இந்த நிலையை மாலை ஏழு மணிக்குப் போட்டுவிட்டு, அப்படியே ஓடவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் அது வேறு பிஷப் நகர்த்தலையே காட்டிக்கொண்டிருந்தது. எச்3-ஐ நானே பலகையில் ஆடி, நாலைந்து நகர்த்தல் கூட்டிக்கொண்டு போனதும் எண் மளமளவென்று கறுப்பின் பக்கம் ஏறியது. காட்டினால் புரிகிறது, தானாகத் தோன்றவில்லை. ஒரு முழு பிஷப்பை ஒன்றுக்கும் இல்லாமல் கொடுக்கும் கிளையைத் தொடக்கத்திலேயே வெட்டிவிட்டது. பலன் தெரியும் இடமோ பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் தள்ளி இருந்தது. இன்றைய நல்ல என்ஜினுக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தால் அதுவும் எச்3-இல்தான் வந்து நிற்கிறது. பட்டியல்கள் காலாவதி என்று சொன்னதற்கு இதுவே சாட்சி. என்ஜினைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் செஸ்ஸில் ஆடப்பட்ட மிக அழகான நகர்த்தல்களில் ஒன்று அது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதன் அதைக் கண்டான்.

பொசிஷனல் என்ற சொல்லுக்குச் சரியான உதாரணம் வேண்டுமென்றால் பின்னாளில் உலக சாம்பியனான பெட்ரோசியனிடம் போக வேண்டும். ஜூரிச், 1953, உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி, ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகக் கறுப்புக் காய்கள். வெள்ளையின் சிப்பாய்கள் டி4-இலும் இ5-இலும் அடுத்தடுத்து நின்று கறுப்பை நெரிக்கின்றன. அவை முன்னேறினால் கறுப்புக்கு எல்லாம் சரிந்துவிடும். 25-ஆவது நகர்த்தலாகப் பெட்ரோசியன் யானையை இ7-இலிருந்து இ6-க்கு நகர்த்தினார். வெள்ளையின் பிஷப் அதை வெட்டலாம் என்று தெரிந்தேதான். இரண்டு காரணம். இ5 சிப்பாயின் மூக்குக்கு முன்னால் ஒரு காய் நின்று அதை அடைக்க வேண்டும். காலியான இ7 வழியாக சி6 குதிரை டி5-க்குப் போக வேண்டும். பிஷப் யானையை வெட்டி, கறுப்பு எஃப் சிப்பாயால் திருப்பி வெட்டியதும், அந்தக் குதிரை டி5-இல் குடியேறிவிட்டது. எந்த வெள்ளைச் சிப்பாயாலும் அதை விரட்ட முடியாது. வெள்ளைக் கட்டங்களைக் காக்க இருந்த பிஷப்பும் யானையை வெட்டப் போய்த் தீர்ந்துவிட்டது. ரெஷெவ்ஸ்கி கடைசியில் வாங்கிய யானையைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது, ஆட்டம் டிரா.

யானைக்கு ஐந்து, குதிரைக்கு மூன்று என்று மனிதர்கள் கையால் எழுதிக் கொடுத்த மதிப்புகளோடு ஓடிய பழைய என்ஜினுக்கு இது வெறும் நஷ்டக் கணக்கு. "இந்தக் குதிரையை இனி யாரும் கிளப்ப முடியாது" என்பதற்கு அந்தக் கணக்கில் கொஞ்சம் போனஸ் இருக்கும், ஒரு யானையின் விலை இருக்காது. பொசிஷனல் நகர்த்தல்களில் அன்றைய என்ஜின்கள் சறுக்கியதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஆழம் போதாமை அதற்கு அடுத்தது. அது பார்த்த இடத்தில் போட்ட மார்க்கே தப்பு.

ஆனால் அந்தக் காலத்திலேயே மறுபக்கமும் ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 1997 மே மாதம், நியூயார்க், அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவுக்கும் ஐபிஎம்மின் டீப் புளூ கம்ப்யூட்டருக்கும் நடந்த மேட்சின் இரண்டாவது ஆட்டம். விநாடிக்கு இருபது கோடி நிலைகள் பார்த்த இயந்திரம் அது. ராணியை பி6-க்கு நுழைத்துச் சிப்பாய்களைப் பொறுக்கும் வழி திறந்திருந்தது. எல்லா என்ஜினும் அதைத்தான் செய்யும் என்று காஸ்பரோவ் எதிர்பார்த்தார். டீப் புளூ முதலில் ஏ வரிசையில் சிப்பாய்களை மாற்றிக்கொண்டது. பிறகு 37-ஆவது நகர்த்தலாகப் பிஷப்பை அமைதியாக இ4-இல் வைத்தது. கறுப்புக்கு இருந்த ஒரே மூச்சு இ சிப்பாயை இ4-க்குத் தள்ளுவது, அந்த மூச்சும் நின்றது. நிதானமாக நெரிக்கும் ஆட்டத்துக்குப் பேர்போன கார்ப்போவ் ஆடியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். இயந்திரம் ஆடியதால், உள்ளே ஒரு மனிதன் இருக்கிறானோ என்று காஸ்பரோவ் வெளிப்படையாகவே சந்தேகப்பட்டார். அந்த அதிர்ச்சியிலேயே, தொடர் செக் கொடுத்து டிரா செய்ய வழி இருந்த நிலையில் தோல்வியை ஒப்புக்கொண்டார் என்று அன்றைய ஆய்வுகள் காட்டின. "இயந்திரத்தால் இது முடியாது" என்று உறுதியாக நம்பினால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் என்னிடம் இல்லை.

பெரிய மாற்றம் வந்தது 2017 டிசம்பரில். டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸீரோ, விதிகளை மட்டும் தெரிந்துகொண்டு தன்னோடு தானே ஆடிக் கற்றது. அன்றைய முன்னணி என்ஜின்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ் 8-ஓடு நூறு ஆட்டம் ஆடி 28 வென்றது, 72 டிரா, ஒன்றும் தோற்கவில்லை. ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கு நியாயமான வசதி தரவில்லை என்று அப்போது குறை சொன்னார்கள், அதில் உண்மையும் இருந்தது. அடுத்த வருடம் வெளியான ஆயிரம் ஆட்ட மேட்சில் 155 வெற்றி, 6 தோல்வி என்று வந்தபோது அந்தக் குறை பெரும்பாலும் அடங்கியது. கவனிக்க வேண்டியது இதைத்தான்: ஸ்டாக்ஃபிஷ் விநாடிக்கு ஏழு கோடி நிலைகள் பார்த்தது, ஆல்ஃபாஸீரோ எண்பதாயிரம். குறைவாகப் பார்த்து, பார்த்ததைச் சரியாக எடைபோட்டது. சிப்பாய்களை விட்டுக்கொடுத்து எதிராளியின் பிஷப்பை ஒரு மூலையில் அடைத்துவைப்பது, எச் சிப்பாயை எச்6 வரை தள்ளி ராஜாவின் கழுத்தில் முள்ளாக நிறுத்துவது எல்லாம் பெட்ரோசியன், கார்ப்போவ் வழி வந்த ஒருவர் ஆடியது மாதிரி இருந்தன.

அந்த அறிவு எல்லார் கைக்கும் வந்துவிட்டது. 2018-இல் லீலா என்ற என்ஜின் தொடங்கியது, அதுவும் தானாகக் கற்ற நியூரல் நெட்வொர்க். ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு உருவாக்கிய என்என்யுஇ என்ற சிறிய, வேகமான நெட்வொர்க்கை 2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 12 எடுத்துக்கொண்டது. உங்கள் போனில் இருப்பது அநேகமாக அதன் வாரிசு. அதனால்தான் பெட்ரோசியன் செய்தது மாதிரி யானையைக் கொடுத்துப் பிஷப்பையோ குதிரையையோ வாங்கும் எக்ஸ்சேஞ்ச் சாக்ரிஃபைஸ் இன்று என்ஜினின் முதல் தேர்வாகவே அடிக்கடி வருகிறது. இதுவரை சொன்னதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இனி எஞ்சியிருப்பதைப் பார்ப்போம். அதைக் கோட்டை என்று சொல்கிறோம். ஒரு பக்கம் காய்பலம் எவ்வளவு இருந்தாலும் உள்ளே நுழைய வழியில்லாத நிலை. 2017-இல் பென்ரோஸ் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட புதிர் இதற்குப் பேர்போனது. வெள்ளைக்கு ராஜாவும் நான்கு சிப்பாயும் மட்டுமே. கறுப்புக்கு ராணி, இரண்டு யானை, மூன்று பிஷப், ஐந்து சிப்பாய். அந்தக் காலத்து என்ஜினிடம் கேட்டால் கறுப்பு அமோகமாக ஜெயிக்கிறது என்று சொல்லும். அடுக்கிப் பாருங்கள்: வெள்ளை ராஜா இ2, சிப்பாய்கள் ஏ2, பி3, சி4, சி6. கறுப்பு ராஜா ஏ6, ராணி ஏ5, யானைகள் ஏ4, பி5, பிஷப்கள் இ5, எஃப்4, ஜி3, சிப்பாய்கள் ஏ7, பி6, சி5, பி4, ஏ3. கறுப்பின் ராஜா, ராணி, யானைகள், சிப்பாய்கள் எதுவும் ஒரு கட்டம்கூட நகர முடியாது, ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. நகரக்கூடியவை மூன்று பிஷப்கள், மூன்றும் கறுப்புக் கட்டத்தில் ஓடுபவை. வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களிலேயே உலாவிக்கொண்டிருந்தால் யாரால் என்ன செய்ய முடியும்? பி5-இலும் ஏ4-இலும் இருக்கும் யானைகளை வெட்டலாம் போலத் தோன்றும். வெட்டினால்தான் கதவு திறந்துவிடும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது ஐந்து நிமிடத்தில் புரிகிறது, நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். என்ஜினுக்கு "எத்தனை நகர்த்தல் ஆடினாலும் ஒன்றும் மாறாது" என்று பொதுப்படையாகச் சொல்ல ஒரு மொழி கிடையாது. ஒவ்வொரு கிளையையும் நடந்து பார்த்துத்தான் அது தெரிந்துகொள்ள வேண்டும். ஏழு காய் வரை எல்லா நிலைகளுக்கும் விடை கணக்கிட்டு வைத்த டேபிள்பேஸ் இருக்கிறது, லோமொனோசோவ் 2012-இல், சிசிஜி 2018-இல். அதில் 549 நகர்த்தலில்தான் மேட் ஆகும் நிலைகூட உண்டு, எந்த மனிதனும் தொட முடியாத இடம் அது. பென்ரோஸ் நிலையில் காய்கள் பதினேழு, அங்கே டேபிள்பேஸ் கைகொடுக்காது.

இந்தப் பலவீனத்தை ஒருவர் ஆட்டத்திலேயே பயன்படுத்திக் காட்டினார். 2008-இல் இணையத்தில் நடந்த மூன்று நிமிட பிளிட்ஸ் ஆட்டத்தில் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுரா, அன்றைய முன்னணி என்ஜினான ரிப்காவுக்கு எதிராக நிலையை முழுக்கப் பூட்டிவிட்டுக் காய்களை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். காய்க் கணக்கில் தானே மேலே இருப்பதாக ரிப்கா நினைத்தது. ஐம்பது நகர்த்தல் வரை காய் வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாவிட்டால் டிரா என்னும் விதிப்படி டிரா நெருங்கியதும், "ஜெயிக்கிற ஆட்டத்தை டிரா விடுவதா" என்று அதுவே கதவைத் திறந்தது. 271 நகர்த்தலில் தோற்றது. இன்றைய என்ஜின்கள் இவ்வளவு எளிதில் மாட்டுவதில்லை. ஆனால் பூட்டிய நிலையில் எண்ணைப் பெரிதாகக் காட்டிக்கொண்டே இருக்கும் குணம் முழுக்கப் போகவில்லை.

என் ஆட்டம் ஒன்றையே சொல்கிறேன். ஏழு ஜோடிச் சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நின்றன. எனக்கு ஒரு சிப்பாய் அதிகம், அது என் சிப்பாய்க்குப் பின்னாலேயே நின்ற இரட்டைச் சிப்பாய். திறந்திருந்த எச் வரிசையில் யானைகள் மாற்றிக்கொள்ளப்பட்டுவிட்டன. என்ஜின் எனக்கு 1.6 ஏற்றம் என்றது. மூன்று மாதம் ராஜாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடத்தினேன். எண் 1.6, 1.5, 1.6 என்றே நின்றது. ஒரு நாள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பலகையில் என் பிஷப் எந்தக் கட்டங்களுக்குப் போக முடியும், எதிராளியின் குதிரை எதையெதைக் காக்கிறது என்று விரலால் தொட்டு எண்ணினேன். நுழைய ஒரு கட்டம் இல்லை. அன்று மாலையே டிரா கேட்டேன், எதிராளியும் உடனே ஒப்புக்கொண்டார். அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. இருபது நகர்த்தல் கூட்டிக்கொண்டு போயும் எண் ஏறாமல் அப்படியே நின்றால், அந்த எண்ணை நம்புவதில்லை.

அடுத்துச் சொல்வதெல்லாம் விவாதத்துக்கு உரியது. கிங்ஸ் இந்தியன் என்ற தொடக்க முறையில் வரும் ஆட்டத்தில், நடுவில் சிப்பாய்கள் பூட்டியபின் வெள்ளைக்கு நல்ல ஏற்றம் என்று என்ஜின் சொல்லும். கறுப்பு எஃப்5, எஃப்4, ஜி5 என்று ராஜாவை நோக்கிச் சிப்பாய்களைத் தள்ளும்போதும் அதற்குப் பதற்றமே இருக்காது. என்ஜின் இங்கே தவறு செய்கிறதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். துல்லியமாகத் தற்காக்க அதற்கு முடியும், அந்த ஏற்றம் அதற்கு உண்மை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஆடுகிற மனிதனுக்குத் தாக்குவது எளிது, தாங்குவது கஷ்டம். ஒரே நிலையில் இரண்டு பேருக்கு இரண்டு உண்மை.

கார்ப்போவ் – உன்ஸிகர், நைஸ் ஒலிம்பியாட் 1974, 24-ஆவது நகர்த்தலும் இந்த வகைதான். திறந்த ஏ வரிசையில் இரு பக்க யானைகளும் மோத நின்றபோது கார்ப்போவ் தன் பிஷப்பை ஏ7-இல் கொண்டுபோய் வைத்து வரிசையை அடைத்தார். யானைகள் மாறிப்போகாமல் அந்தத் திரைக்குப் பின்னால் நிதானமாக யானைகளை அடுக்கிக்கொண்டார். வேண்டும்போது பிஷப்பை விலக்கினால் போதும், வரிசை அவருடையது. 44 நகர்த்தலில் வென்றார். இதை "என்ஜின் கண்டுபிடிக்காத நகர்த்தல்" என்று சொல்வார்கள். அப்படிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வெள்ளை ஏற்கெனவே மேலே இருக்கும் நிலை அது, நல்ல நகர்த்தல்கள் பல உண்டு, அவற்றுக்குள் வித்தியாசம் மிகச் சிறியது. ஏ7 மனிதனுக்குத் தருவது ஒரு திட்டம். எதிராளி மூச்சுவிட முடியாமல் போவது. என்ஜினுக்குத் திட்டம் தேவையில்லை, ஒவ்வொரு நகர்த்தலிலும் புதிதாகப் பார்த்துக்கொள்ளும்.

யாராவது "இதை என்ஜினால் கண்டுபிடிக்க முடியாது" என்று ஒரு நிலையைக் காட்டினால் சோதிக்கச் சில வழிகள் உண்டு. ஒரே ஒரு வரிக்குப் பதில் முதல் நான்கு நகர்த்தல்களைக் காட்டச் சொல்லி அமைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிடத்தில் முடிவு கட்டாமல் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு அந்த நகர்த்தலை நீங்களே ஆடி, சில நகர்த்தல் முன்னால் போய், அப்படியே பின்னோக்கி வாருங்கள். அது பார்த்ததை நினைவில் வைத்திருக்கும், திரும்பி வரும்போது கருத்தை மாற்றிக்கொண்டால் தேடலில்தான் குறை, தீர்ப்பில் இல்லை. ஸ்டாக்ஃபிஷ்ஷும் லீலாவும் மாறுபட்டால் அங்கே நின்று பாருங்கள், சுவாரசியமான நிலைகள் அங்கேதான் கிடைக்கின்றன. இத்தனையும் தாண்டி நிற்கும் நகர்த்தல்கள் என் அனுபவத்தில் மிகச் சொற்பம், அவற்றிலும் பெரும்பாலானவை பூட்டிய நிலைகளே.

இப்போது உங்கள் மகனின் 0.2. ஸ்டாக்ஃபிஷ் 15.1-இலிருந்து, அதாவது 2022 டிசம்பரிலிருந்து, 1.0 என்ற எண் ஒரு சிப்பாய் அதிகம் என்பதைக் குறிப்பதில்லை. என்ஜினும் என்ஜினும் ஆடினால் வெல்ல ஐம்பது சதவீத வாய்ப்பு என்று அளவை மாற்றி அமைத்திருக்கிறார்கள். அந்த அளவில் 0.2 வித்தியாசம், அதுவும் போனில் சில விநாடியில் வந்தது, மனிதர்கள் ஆடும் ஆட்டத்தில் ஒன்றுமே இல்லை. இன்னும் ஒரு நிமிடம் ஓடவிட்டால் வரிசை மாறினாலும் மாறும். கோச்சின் நகர்த்தலுக்கும் என்ஜினுடையதற்கும் ஒன்றரை, இரண்டு என்று வித்தியாசம் வந்தால் அது வேறு விஷயம். அங்கே பெரும்பாலும் ஒரு தந்திரம் கண்ணில் படாமல் போயிருக்கும், கோச்சே அதை மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்வார். குதிரையை டி5-இல் நிறுத்துவது மாதிரியான விஷயத்தில் பன்னிரண்டு வயதுப் பையன் கோச் சொல்வதைக் கேட்கட்டும்.

ஒன்று செய்துபாருங்கள். அந்த நிலையை மரப்பலகையில் அடுக்கி, குதிரையை டி5-இல் வைத்து, அங்கிருந்து போனுக்கு எதிராக அவனை ஆடச் சொல்லுங்கள், என்ஜினின் பலத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. பிறகு யானை நகர்த்தலிலிருந்து ஒரு ஆட்டம். எந்த ஆட்டத்தில் அடுத்து என்ன செய்வது என்று அவனுக்குத் தெரிந்தது, எதில் கை நடுங்கியது என்று அவனே ஒரு காகிதத்தில் எழுதட்டும். அந்தக் காகிதத்தைக் கோச்சிடம் கொடுங்கள். நிலையின் படத்தை இங்கே போட்டீர்களானால் நானும் இரவில் என் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, என்ன வந்தது என்று எழுதுகிறேன்.